வாசலில் கழற்றிய செருப்பு: அரண்மனைகள் விடுதிகளாகும் காலத்தில் நம் வரலாறு



திசையன்விளையில் அரண்மனை கிடையாது. செந்தேரியும் பனையும் கிணற்றுப் பாசனத் தோட்டங்களும் சந்தையும்தான் இந்த ஊரின் அடையாளம். அரண்மனையைப் பற்றிப் பேச இந்த ஊர்தானா கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். இங்கிருந்து மேற்கே போனால் திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய தலைநகரான பத்மநாபபுரம். வடமேற்கே மலையடிவாரத்தில் சிங்கம்பட்டி. வடக்கே எட்டயபுரம். அரண்மனை இல்லாத ஊர்களிலிருந்து போன வரியும் வாரமும் கூலியில்லா உழைப்பும் சேர்ந்துதான் அரண்மனை இருக்கும் ஊர்கள் உண்டாயின. ஆகவே அரண்மனையின் கதையைக் கேட்கும் உரிமை மற்ற எவரையும்விட நமக்கு அதிகம்.

இன்று இந்தியாவெங்கும் அரண்மனைகள் விடுதிகளாகின்றன. ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957இலேயே விடுதியானது. உதயப்பூர் ஏரி நடுவே நிற்கும் அரண்மனை 1960களில் ஆனது. 1971இல் அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்த பிறகு இது வேகம் பிடித்தது. 1950க்கு முன் கட்டப்பட்ட அரண்மனை, கோட்டை, மாளிகைகளுக்கு ‘பாரம்பரிய விடுதி’ என்ற தனித் தகுதியை ஒன்றிய அரசின் சுற்றுலாத் துறையே வகுத்திருக்கிறது. முன்பு நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட பெரிய அரண்மனைகள்தான் விடுதிகளாயின. இப்போது ஜமீன் மாளிகைகள், கோவிலகங்கள், செட்டிநாட்டு வீடுகள் எனச் சிறியவையும் பத்து, இருபது அறைகளோடு பணக்காரப் பயணிகளுக்குத் திறக்கப்படுகின்றன.

ஒரு பழைய கட்டடம் இடிந்து போகாமல் நிற்பதில் எனக்கு வருத்தம் எதுவுமில்லை. நம் தச்சரும் கொத்தரும் சித்தாளும் எழுப்பிய சுவர் அது. என் கேள்வி வேறு: கட்டடத்தைக் காப்பாற்றும்போது எந்தக் கதை காப்பாற்றப்படுகிறது, எந்தக் கதை வெளியே தள்ளப்படுகிறது?

கொல்லங்கோட்டுக் கோவிலகம்

எடுத்துக்காட்டாக ஒரே ஓர் அரண்மனையைப் பார்ப்போம். பாலக்காட்டிலிருந்து தெற்கே, நெல்லியாம்பதி மலையின் அடிவாரத்தில் கொல்லங்கோடு இருக்கிறது. வெங்குநாட்டு அரச குடும்பத்தின் இருப்பிடம் அது. கொல்லன் என்ற சொல்லை வைத்துத்தான் ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள். உழைக்கும் சாதி ஒன்றின் பெயரில் ஊர். ஊரின் பெருமை கோவிலகத்துக்கு.

இன்று நாம் காணும் கோவிலகம் 1890ஆம் ஆண்டளவில் வெங்குநாட்டு ராணி தாத்ரி தம்புராட்டி கட்டியது. 2000களின் நடுப்பகுதியில் கொச்சியைச் சேர்ந்த ஒரு விடுதி நிறுவனம் அதை எடுத்து, ‘களரி கோவிலகம்’ என்ற பெயரில் ஆயுர்வேதச் சிகிச்சை விடுதியாக மாற்றியது. இருபதுக்கும் குறைவான அறைகள். வருகிறவர் குறைந்தது இரண்டு வாரம் தங்க வேண்டும். மது இல்லை. இறைச்சி இல்லை. விருந்தினருக்கு வெள்ளைப் பருத்தி உடை. தோல் செருப்பையும் தோல் காலணியையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, அவர்கள் தரும் வேறு காலணியை அணிந்துகொண்டு உள்ளே போக வேண்டும் என்று அங்கே தங்கிவந்த பயண எழுத்தாளர்கள் வியப்போடு எழுதியிருக்கிறார்கள்.

அகிம்சை என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதை நான் சந்தேகிக்கவில்லை. அங்கே தீண்டாமை நடக்கிறது என்றும் சொல்லவில்லை. ஐரோப்பாவிலிருந்து வரும் ஒருவருக்குச் செருப்பைக் கழற்றுவது ஒரு புதிய அனுபவம், மனதுக்கு ஓய்வு. ஆனால் இந்த அவையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரின் குடும்பத்திலும் செருப்பைப் பற்றிய நினைவு ஒன்று உண்டு. ஆதிக்க சாதித் தெரு வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட தாத்தா. அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்த மாமா. தெரு முடிந்த பிறகும் போட மனமில்லாமல் வீடுவரை வெறுங்காலோடு வந்த அப்பா. கழற்று என்று ஒருவருக்குச் சொன்னால் அது ஓய்வு. இன்னொருவருக்குச் சொன்னால் அது நூற்றாண்டுகளின் கட்டளை. வாசல் ஒன்றுதான், வரலாறு இரண்டு.

சுவர் எழுந்த காலம்

1800ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் புக்கானன் என்ற கம்பெனி அதிகாரி கொல்லங்கோடு வழியாக மலபாருக்குள் நுழைந்தார். பாலக்காட்டுப் பகுதியில் வயல் வேலை செய்த செறுமர்கள் அடிமைகளாக இருந்ததை அவர் விவரமாக எழுதினார். அவர்களைக் கைமாற்ற மூன்று வழிகள் இருந்தன: ஜன்மம், காணம், பாட்டம். ஜன்மம் என்றால் முழு விற்பனை. காணம் என்றால் அடமானம். பாட்டம் என்றால் ஆண்டு வாடகை. பெண்ணுக்கு வாடகை ஆணுக்கானதில் பாதி. இந்த மூன்று சொற்களையும் நன்றாகக் கவனியுங்கள். மலபாரில் நிலத்தைக் கைமாற்றப் பயன்பட்ட சொற்களும் இவையேதான். நிலத்துக்கும் மனிதருக்கும் ஒரே இலக்கணம்.

1843இல் ஐந்தாவது சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமை வணிகத்தைக் குற்றமாக்கியது. கோவிலகத்தின் சுவர்கள் எழுந்தபோது சட்டப்படி அடிமைகள் இல்லை. ஆனால் நிலம் ஜன்மியிடமே இருந்தது. அடிமை என்ற பெயர் போய்ப் பண்ணையாள், குடிகிடப்புக்காரர் என்ற பெயர்கள் வந்தன. குடிசை போட்ட இடமும் ஜன்மியுடையது என்றால், வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்பவர் அன்று மாலையே குடிசையை இழப்பார். அடிமைச் சங்கிலி இல்லாமலேயே ஆளைக் கட்டி வைக்க அது போதும்.

அதே ஆண்டுகளில் அதே சென்னை மாகாணத்தில் இன்னொன்றும் நடந்தது. அப்போது கொல்லங்கோடும் திருநெல்வேலியும் ஒரே மாகாணம் என்பதை மறக்க வேண்டாம். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை தந்தார். சொந்தமாக நிலமும் மனையும் இல்லாததுதான் இவர்களுடைய அடிமைநிலைக்கு வேர் என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. ஓர் அரண்மனை எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், அந்த அரண்மனைகளின் அடித்தளம் எது என்பதை மாகாண அரசின் அலுவலரே எழுதி வைத்துவிட்டார். அரண்மனை இன்றும் பளபளப்பாக நிற்கிறது. பஞ்சமி நிலத்தை நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்தது. ஜன்மிகள் நிலத்தை இழந்தார்கள். அது இந்திய வரலாற்றில் பெரிய மாற்றம், குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நிலம் யாருக்குப் போனது? குத்தகைதாரருக்கு. செறுமரும் புலையரும் சக்கிலியரும் பெரும்பாலும் குத்தகைதாரர்களாக இருக்கவில்லை, கூலிகளாக இருந்தார்கள். அவர்களுக்குக் கிராமத்தில் கிடைத்தது குடிசையைச் சுற்றிய 10 சென்ட். மலைத் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு. ஜன்மிக்கு நிலம் போனாலும் மாளிகை மிஞ்சியது. அந்த மாளிகைக்கு முப்பத்தைந்து ஆண்டு கழித்துச் சந்தை வந்தது. 10 சென்ட் காலனி வீட்டுக்கு எந்தச் சந்தையும் வரவில்லை.

கொல்லங்கோட்டுக்குப் பக்கத்து ஊராட்சி முதலமடை. அங்கே தமிழ்நாட்டு எல்லையோரம் கோவிந்தாபுரத்தில் அம்பேத்கர் காலனி இருக்கிறது. தமிழ் பேசும் சக்கிலியர் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. தேநீர்க் கடையில் தனிக் குவளை, குடிநீர்க் குழாயில் பாகுபாடு என்று அவர்கள் 2017இல் வெளிப்படையாகப் புகார் சொன்னார்கள். அப்படியெதுவும் இல்லை என்று மறுத்தவர்களும் உண்டு. சமபந்தி விருந்துகளும் நடந்தன. தோல் தைத்த சமூகத்தின் பிள்ளைகள் குடிநீருக்காகக் குரல் கொடுத்த ஊரும், தோல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உலகத்தார் நலம் தேடும் அரண்மனையும் ஒரே மலையின் நிழலில் இருக்கின்றன. விடுதியின் விளம்பரத்தில் மலை வருகிறது, மழை வருகிறது, வயலின் பச்சை வருகிறது. வயலில் நின்றவர் வருவதில்லை.

சிங்கம்பட்டிச் சீமையில் ஒரு செருப்பு

இனி நம் ஆற்றங்கரைக்கு வருவோம். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் மக்கள் கூடுவார்கள். சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் அங்கே தர்பார் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அந்தக் கோயில் வளாகத்திலேயே பட்டவராயன் சன்னிதி இருக்கிறது. அந்தச் சன்னிதியில் மக்கள் காணிக்கையாகக் கட்டுவது என்ன தெரியுமா? தோல் செருப்பு. கட்டிய செருப்பு நடந்து தேய்ந்ததுபோல் ஆகிவிடும், சாமி அதைப் போட்டு நடக்கிறார் என்பது நம்பிக்கை.

பட்டவராயன் யார்? முத்துப்பட்டன் என்ற பிராமண இளைஞன். காட்டில் மாடு மேய்த்த சக்கிலியர் குடும்பத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பினான். அவர்களுடைய தந்தை வாலப்பகடை, நீ எங்களில் ஒருவனாக வந்தால் பெண் தருகிறேன் என்றார். முத்துப்பட்டன் பூணூலையும் குடுமியையும் நீக்கினான். செருப்புத் தைத்தான். மணம் முடித்து மாட்டுக் கிடைக்குக் காவல் இருந்தான். மாடு பிடிக்க வந்த கள்வர்களோடு போரிட்டுச் செத்தான். மனைவியர் இருவரும் தீயில் இறங்கினார்கள். வில்லுப்பாட்டாக நம் மாவட்டம் முழுதும் பாடப்பட்ட இந்தக் கதையைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்துத் தந்தார்.

இந்தக் கதைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. அதில் பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள், காட்டில் கிடந்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று வரும். சாதி மீறிய காதலைச் சாதிக்குள்ளேயே அடைத்துவிடும் திருத்தம் இது. பெயர்கள் மாறவில்லை, ஊர் மாறவில்லை, சாமி மாறவில்லை. ஒரே ஒரு பிறப்பு மட்டும் மாறியது. அதோடு கதையின் முதுகெலும்பு முறிந்தது. அரண்மனை விடுதிகள் வரலாற்றுக்குச் செய்வதும் இதே வேலைதான். தூணை மாற்றுவதில்லை, ஊஞ்சலை மாற்றுவதில்லை. யாருடைய உழைப்பு என்ற ஒன்றை மட்டும் எடுத்துவிடுகிறார்கள்.

ஆனாலும் பாருங்கள், திருத்தியவர்களால் செருப்பை எடுக்க முடியவில்லை. கதையை எப்படிப் பாடினாலும் சன்னிதியில் தொங்குவது செருப்புத்தான். காகிதத்தில் இருப்பதைத் திருத்தலாம். மக்கள் கையால் கட்டித் தொங்கவிட்டதைத் திருத்துவது கடினம். நம் வரலாற்றைத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

குத்தகையும் ஆறும்

சிங்கம்பட்டி அரண்மனை விடுதியாகவில்லை. ஆனால் அதன் காடு 1929லேயே விற்பனைப் பொருளாகிவிட்டது. பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 8,373 ஏக்கர் மலைக்காட்டை ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. சென்னையில் நடந்த ஒரு கொலை வழக்கில் சிக்கிய இளைய ஜமீனைக் காப்பாற்ற ஆன செலவும் கடனும்தான் காரணம் என்று இந்த வட்டாரத்தில் சொல்வார்கள். காரணம் எதுவாயினும் விளைவு மாஞ்சோலை. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மலையேறிய கூலிகள். அவர்களில் மிகப் பலர் தலித்துகள்.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீனின் உரிமை அரசுக்கு மாறியது. குத்தகை அப்படியே தொடர்ந்தது. ராஜா போனார், நிறுவனம் இருந்தது, லயன் வீடும் இருந்தது. மூன்று தலைமுறை அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தாலும் வேலை முடிந்த அன்று வெளியேற வேண்டும். கொல்லங்கோட்டுக் குடிகிடப்புக்குச் சொன்ன இலக்கணமே இங்கும்.

1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும் சிறைப்பட்ட தோழர்களின் விடுதலையும் கேட்டு மாஞ்சோலைத் தொழிலாளர்களும் அவர்களுக்கு ஆதரவாக வந்தவர்களும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தார்கள். காவல்துறை தடியால் தாக்கியது. ஓட வழியில்லாமல் மக்கள் தாமிரபரணியில் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள். அவர்களில் பெண்களும் ஒரு சிறு குழந்தையும் உண்டு. ஆர். ஆர். சீனிவாசன் எடுத்த ‘நதியின் மரணம்’ ஆவணப்படத்தை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காத மாணவர்கள் பார்க்க வேண்டும்.

2028இல் குத்தகை முடிகிறது. 2024லேயே நிறுவனம் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களை இறக்கத் தொடங்கிவிட்டது. மலை காடாகட்டும் என்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால் காலியாகும் மலையில் லயன் வீடுகள் இடிந்து மறையும். அதிகாரிகள் தங்கிய பங்களாக்கள்? ஒருநாள் ‘பழமை மணக்கும் மலை பங்களா’ என்று யாரேனும் அவற்றைத் திறக்கமாட்டார்கள் என்பதற்கு உறுதி உண்டா? நாம் இப்போதே விழித்திருக்க வேண்டும். வரலாறு அழிவது பெரும்பாலும் இப்படித்தான்: உழைத்தவரின் வீடு மண்ணாகிவிடும், ஆண்டவரின் வீடு பாரம்பரியமாகிவிடும்.

மற்ற நாடுகளில்

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நாட்டவே என்ற கரும்புத் தோட்ட மாளிகை இருந்தது. 1859இல் கட்டி முடிக்கப்பட்டது. 155 கறுப்பின அடிமைகளை வைத்திருந்தவரின் வீடு. அதைச் சொகுசு விடுதியாக்கித் திருமணங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். 2025 மே மாதம் அது தீயில் எரிந்தபோது, போய்விட்டதே என்று அழுதவர்களும் இருந்தார்கள், போகட்டும் என்று பெருமூச்சு விட்டவர்களும் இருந்தார்கள். அதே மாநிலத்தில் விட்னி என்ற இன்னொரு தோட்டம் 2014இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே முதலில் காட்டப்படுவது எசமானின் வீடல்ல, அடிமைகளின் வாழ்க்கை. அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரே வகை மாளிகை, இரண்டு வகைக் காப்பு. எந்தக் கதையைச் சொல்வது என்பதை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள், கட்டடம் முடிவு செய்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நாம் செய்ய வேண்டியவை

தோழர்களே, ஆவேசத்தோடு கலைந்து போவதற்காக நாம் கூடவில்லை. வேலை இருக்கிறது. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பெயர் சேர்ப்பது. கணக்கு வைத்தவர்கள் நம்மை எண்ணிக்கையாகவே எழுதினார்கள் என்றாலும் பெயர் இருக்கும் இடங்கள் உண்டு. கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி இங்கிருந்து கூப்பிடு தூரம். அதுபோன்ற மிஷன் ஊர்களில் ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கும். வட்ட அலுவலகங்களில் நிலப் பதிவேடுகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கிழவிகளின் நினைவு இருக்கிறது. மாஞ்சோலையிலிருந்து இறங்கியவர்கள் இன்று ஊர் ஊராகச் சிதறுகிறார்கள். அவர்கள் பேச்சை இந்த ஆண்டு பதிவு செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு பாதி போய்விடும். ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை எழுதினால் போதும்.

இரண்டாவது, பலகை கேட்பது. தமிழ்நாட்டில் 2012இல் பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. பாரம்பரியத் தகுதியும் அரசுச் சலுகையும் பெறும் எந்த மாளிகையிலும், அதன் நிலம் எங்கிருந்து வந்தது, அதில் உழைத்தவர்கள் யார், அவர்கள் எந்த வாசல் வழியாக வரவேண்டியிருந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நாம் கோரலாம். பொதுப் பணத்தின் சலுகைக்குப் பொது வரலாறு விலையாகட்டும்.

மூன்றாவது நமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியது. செருப்புத் தைத்தவரை ஆதிக்க சாதிகள் மட்டுமா தள்ளி வைத்தன? நம் சேரிகளுக்குள்ளும் பகடை என்ற சொல்லை ஏளனமாகச் சொல்லும் வாய்கள் இல்லையா? 2009இல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மிலேயே எத்தனை பேர் முகம் சுளித்தோம்? அரண்மனை வாசலைக் கேள்வி கேட்கிறவர் தன் வீட்டு வாசலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் எழுதப்படும் தலித் வரலாறும் பாதிக் கதையாகவே நிற்கும்.

அடுத்த ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் பட்டவராயன் சன்னிதியில் சற்று நில்லுங்கள். அங்கே தொங்கும் செருப்புகளைப் பாருங்கள். அவற்றைத் தைத்த கைகளைப் பற்றி எந்த வழிகாட்டிப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது. உங்களோடு வரும் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லுங்கள். அதுதான் ஆற்றோடு போன பதினேழு பேருக்கும் நாம் செய்யும் அஞ்சலி.